பிரீசரின் திறப்பு ஆரிட்டை?

சுயாதீன மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றும் அரச பல்கலைக்கழகமும் கூட்டாக வேலை செய்யும் ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்கும் வேண்டும் என்று போன கிழமை நாலு வரி எழுதப்போய், கேள்விகள் குவிந்துவிட்டன. ஆய்வுகூடத்தில் பாதி, உடன்படிக்கைக் கடதாசிகளோடு மீதி என்று என் உத்தியோக காலம் போனது. அந்த உரிமையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

சேர், சுயாதீன நிறுவனம் எண்டால் தனியார் கம்பனிதானே? (மருத்துவ மாணவி, கொக்குவில்)

இல்லைப் பிள்ளை. கம்பனிக்குப் பங்குதாரர் இருப்பினம், லாபம் பிரிப்பினம். இங்கே அது இல்லை. சொந்தமாக ஒரு ஆளுகைச் சபை, சொந்த நிதி, சொந்த ஆய்வுத் திட்டம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இராது. அங்கேதான் பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது.

மெல்பேர்ணில் 1915இல் தொடங்கிய வோல்டர் அன்ட் எலைசா ஹோல் நிறுவனத்தைப் பாருங்கள். அங்கே ஆய்வு செய்யும் மாணவர்களுக்குக் கலாநிதிப் பட்டம் கொடுப்பது மெல்பேர்ண் பல்கலைக்கழகம். சான் பிரான்சிஸ்கோவில் 1979இல் உருவான கிளாட்ஸ்டன் நிறுவனத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்துக்கும் இடையில் இருப்பதும் ஏறக்குறைய இதே உறவு. விஞ்ஞானி நிறுவனத்தில் ஆய்வுகூடம் நடத்துவார், பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருப்பார். இரண்டு அடையாள அட்டை, ஒரு கழுத்து.

பல்கலைக்கழகத்துக்கு இதாலை என்ன கிடைக்கும்? (சுண்டுக்குளி)

முதலில் நேரம். எங்கட விரிவுரையாளர் காலையில் வகுப்பு, மத்தியானம் கிளினிக், பின்னேரம் வினாத்தாள் திருத்தல் என்று ஓடுகிறார். ஆய்வுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது, கொள்வனவு. ஒரு சின்னப் போத்தல் இரசாயனம் வாங்க விலைமனு, குழு, அங்கீகாரம் என்று போய், அது வந்துசேர மாணவன் பட்டம் முடித்து வெளியேறியிருப்பான். நிறுவனம் அதைக் கெதியாகச் செய்யும். பதிலுக்குப் பல்கலைக்கழகம் கொடுப்பது மாணவர், போதனா வைத்தியசாலையோடு உள்ள தொடர்பு, மனிதரில் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு. இவை மூன்றும் காசுக்கு வாங்க ஏலாதவை.

யாழ்ப்பாணத்திலை ஆராய அப்பிடி என்ன கிடக்கு? எல்லாம் கொழும்பிலைதானே நடக்குது. (ஓய்வு பெற்ற ஆசிரியர், மானிப்பாய்)

மாஸ்டர், உங்கட கிணற்றடியிலேயே கிடக்கு!

2016 செப்டெம்பரில் இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்த வருடம் முடிய முன்னரே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற, இங்கே முன்பு காணாத மலேரியா நுளம்பு பிடிபட்டது. அது கிணற்று நீரிலும் பெருகும். கிணறு இல்லாத வளவு குடாநாட்டில் எத்தனை? டெங்கு நுளம்பும் அப்படித்தான். நல்ல தண்ணியில் மட்டும் பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உவர்நீரிலும் அது பெருகுகிறது என்று 2011இல் எழுதியவர்களில் யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் உண்டு.

பாம்புக்கடிக்கு நாங்கள் ஏற்றும் மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்துச் செய்தது. ஒரே இனப் பாம்பென்றாலும் இடத்துக்கு இடம் நஞ்சு மாறும். குடாநாட்டுச் சுருட்டை விரியனின் நஞ்சுக்கு அந்த மருந்து எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பது இங்கே இருந்துதான் பார்க்க வேண்டிய விஷயம்.

மஞ்சள் அலரி விதை நஞ்சையும் சொல்லவேண்டும். அதனால் பாதிக்கப்பட்ட 170 பேரைப் பற்றிய ஆய்வு 1988இலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. யுத்த காலம். அப்படியிருந்தும் எழுதினார்கள். ஆனால் அந்த நஞ்சை முறிக்கும் மாற்றுமருந்தின் பரிசோதனை நடந்தது தெற்கில். முதலில் கண்டவர்கள் நாங்கள், தொடர்ந்து செய்ய எங்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை. கூட்டு நிறுவனம் வேண்டும் என்று நான் கத்துவதற்கு இந்த ஒரு கதை போதும்.

எங்கட இரத்தத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் போயிட்டால்? (நல்லூர், இதே கேள்வியோடு இன்னும் ஆறு பேர்)

நியாயமான பயம். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் உங்கள் எழுத்துமூலச் சம்மதமும் இல்லாமல் எடுக்க ஏலாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனியாகப் பிரித்து, கூடுதல் காவல் போட்டிருக்கிறது. இரத்த மாதிரி நாட்டைவிட்டு வெளியே போவதென்றால் அதற்கென்று தனி உடன்படிக்கை எழுதவேண்டும்.

இருந்தாலும் வில்லங்கம் வருவது பெரிய வாசகங்களில் இல்லை. ஒருமுறை ஒரு கூட்டுத் திட்டத்தின் கடதாசியைப் பார்த்தேன் (எந்த இடமென்று கேட்காதேங்கோ). நட்புறவு பற்றி இரண்டு பக்கம், மாதிரிகளைக் கெடாமல் வைத்திருக்கும் மைனஸ் 80 பாகை பிரீசர் பற்றி ஒரு வரிகூட இல்லை. திட்டம் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள். பிரீசரின் கரண்ட் பில்லை ஆர் கட்டுவது, ஜெனரேற்றருக்கு டீசல் ஆர் ஊற்றுவது, திறப்பு ஆரிட்டை இருப்பது என்று மூன்று அலுவலகங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, ஒரு நீண்ட மின்வெட்டு வந்து பிரச்சினையைத் தீர்த்துவைத்தது. உள்ளே இருந்தது ஐந்து வருட உழைப்பு.

கூட்டு உடன்படிக்கையிலை பல்கலைக்கழகத்தின்ரை பக்கம் ஆர் கையெழுத்து வைக்கவேணும்?

துணைவேந்தர். அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் மூதவையும் பேரவையும் அங்கீகரிக்கவேண்டும். பீடாதிபதி தனியே வைத்தால் செல்லாது.

நாங்கள் ஊர்ச்சங்கங்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு நிறுவனம் கட்டித் தந்தால் என்ன, அண்ணை? (ரொறன்ரோ)

தம்பி, கட்டடம் கட்டாதேங்கோ. கல்வெட்டில் பெயர் பொறிக்கிற ஆசை எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் கூட. 1982இல் அமெரிக்காவில் வைட்ஹெட் நிறுவனத்தைத் தொடங்கிய வர்த்தகர் கட்டடத்தோடு நிற்காமல் மூலதன நிதியும் ஒதுக்கினார். அப்படியிருந்தும் அதோடு இணைய இருந்த எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். ஆசிரியர் நியமனத்தில் வெளியாள் கைவைப்பானோ என்பது அவர்களின் பயம். இங்கேயும் அந்த வாக்குவாதம் வரும், வரட்டும். நீங்கள் இரண்டு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரின் பத்து வருடச் சம்பளத்தை வைப்பில் போடுங்கோ. இயந்திரம் வாங்கித் தர நிறையப் பேர் வருவினம், அதைத் திருத்தத் தெரிந்தவனுக்குச் சம்பளம் தர ஒருவரும் வரமாட்டினம்.

ஆய்வு முடிஞ்சால் நோயாளிக்கு என்ன மிச்சம்? (தாதிய உத்தியோகத்தர், பருத்தித்துறை)

மேலே சொன்ன அலரிக்கே திரும்புகிறேன், தங்கச்சி. மாற்றுமருந்து வேலை செய்கிறது என்று 2000இல் பரிசோதனை காட்டியது. விலையோ கட்டுப்படியாகாதது. கையிருப்பு தீர்ந்த பிறகு இறப்புகள் கூடின, அதையும் பிறகு ஆய்வாகவே எழுதினார்கள். ஆகவே ஆய்வுக்குப் பிறகு மருந்து எத்தனை வருடத்துக்கு, எந்த விலையில், ஆரின் செலவில் என்பதை முதல் நாளே எழுதுவிக்கவேண்டும். அடுத்தமுறை சம்மதப் படிவத்தோடு உங்கட வார்ட்டுக்கு ஆராவது வந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கோ.