ராசா டின்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் சமையல் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள் நான். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், இப்போது கோவையில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கிறிஸ்மஸ் ஒரே நாளில் முடிந்துபோகிறதே என்று ஒவ்வொரு வருஷமும் எனக்கு வருத்தம். பிலிப்பைன்ஸில் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதனால் இந்த முறை நவம்பர் 1ஆம் தேதியே ஸ்டார் கட்டிவிட்டோம். அன்றிலிருந்து கலகலா என்ற பொரித்த மைதா இனிப்பு, மற்ற பலகாரம், கேக், கைவேலை என்று ஒரு அட்டவணை போட்டேன். அதையும் இணைத்திருக்கிறேன். ஆனால் டிசம்பர் பத்து ஆவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. பிள்ளைகள் "இன்னைக்கும் கலகலாவா?" என்று முகம் சுளிக்கிறார்கள். ரம் சேர்க்காமல் கேக் பழங்களை எத்தனை நாள் ஊறவைக்கலாம்? கடைப் பலகாரம் வாங்கினால் தப்பா? பண்டிகையைக் குடும்பத்தோடு, அலுப்பில்லாமல் நீட்டிப்பது எப்படி? பெயர் போட வேண்டாம்.

வாசகி, கோவை

அன்புள்ள மகளுக்கு,

முதல் இரண்டையும் சட்டென்று முடித்துவிடுகிறேன். பழத்தை ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் போதும். ரம் என்றால் மாதக்கணக்கில் தாங்கும், சாறு அப்படித் தாங்காது, புளித்துப்போகும். கடைப் பலகாரமா? தாராளமாக வாங்குங்கள். முதலூர் மஸ்கோத் அல்வாவை வீட்டில் கிண்டப்போகிறேன் என்று யாராவது கிளம்பினால் நானே கையைப் பிடித்துத் தடுப்பேன். மைதாவைக் கரைத்துப் பாலெடுத்து, தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து, கை ஓயாமல் மணிக்கணக்கில் கிண்ட வேண்டிய வேலை அது. அதற்கென்றே தலைமுறையாக ஆள் இருக்கிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டாமா?

மூன்றாவது கேள்வி அப்படிப்பட்டதல்ல. எங்கள் தெருவில் ஒவ்வொரு வருஷமும் ஸ்டார் எத்தனை நாள் முந்திக்கொண்டு வருகிறது, எவ்வளவு அவசரமாக இறங்குகிறது என்று பார்த்து நானே புகைந்துகொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

உங்கள் அட்டவணையைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. நவம்பர் 1 முதல் டிசம்பர் 25 வரை கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறீர்கள். டிசம்பர் 26க்குக் கட்டமே இல்லை! பண்டிகை 25ஆம் தேதி காலையில்தானம்மா தொடங்குகிறது. தொடங்கிய அன்றே அதை மூட்டை கட்டிவிட்டு, நீளவில்லையே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இது என் சொந்தச் சரக்கு என்று நினைக்காதீர்கள். கிறிஸ்மஸிலிருந்து, மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவைக் காண வந்த திருநாளான ஜனவரி 6 வரை உள்ள பன்னிரண்டு நாட்களைப் பண்டிகை நாட்களாகக் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 567இல் பிரான்ஸின் தூர் நகரில் கூடிய சபைச் சங்கமே வகுத்திருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில் சபை நாட்காட்டி தொங்குமே, அதைக் கொஞ்சம் பாருங்கள். இந்த 2025இல் அட்வெந்தின் முதல் ஞாயிறு நவம்பர் 30. அதிலிருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் காத்திருக்கும் காலம், வாயைக் கட்டும் காலம். கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர் பலர் இன்றைக்கும் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நோன்பு இருக்கிறார்கள், இறைச்சியைத் தொடுவதில்லை. ஜெர்மனியில் டிரெஸ்டன் ஊர் ஷ்டோலன் ரொட்டி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலர்பழம் போட்டு, மேலே சீனிப்பொடி தூவிய ரொட்டி. அட்வெந்தில் வெண்ணெய் கூடாது என்று ஒரு காலத்தில் அதை எண்ணெய் ஊற்றித்தான் பிசைந்தார்கள். வெண்ணெய்க்கு அனுமதி கேட்டுப் போப்பாண்டவர் வரை மனுப் போய், 1491இல்தான் அனுமதி வந்தது. வெண்ணெய்க்கே அந்தப் பாடு என்றால், நவம்பர் முதல் தேதி பொரித்த உங்கள் கலகலாவை என்ன சொல்வது!

நோன்பு இருங்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. நானே இருப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இதில் இருக்கிறது. காத்திருக்க வேண்டிய நாளெல்லாம் தின்று தீர்த்துவிட்டால், வந்த நாளில் எதற்கு ஆசைப்படுவது?

என் அப்பா வீடு செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அம்மா வீடு கடற்கரை, கத்தோலிக்கர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய ரகளை என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அப்பா வீட்டில் 25ஆம் தேதி இருட்டோடு எழுப்பி, குளிரக் குளிரத் தலைக்கு ஊற்றி, அதிகாலை ஆராதனைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். மத்தியானம் ஆளாளுக்குப் பாயில் சரிந்தால், அதோடு பண்டிகை முடிந்தது. சாயங்காலம் தாத்தா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்.

அம்மா வீட்டில் ஆச்சிக்கு வேறு கணக்கு. பலகாரம் சுடும்போதே இரண்டு தகர பிஸ்கட் டின்களை முன்னால் வைத்துக்கொள்வாள். ஒன்று எல்லோருக்கும். அது அக்கம்பக்கத்துக்கும் தூக்குவாளிகளுக்கும் போய், புத்தாண்டுக்கு முன்பே அடி தெரிந்துவிடும். மற்றது ராசா டின். அடியில் பழைய நியூஸ்பேப்பர் விரித்து ஒரு வரிசை முந்திரிக்கொத்து, அதன்மேல் பேப்பர், மறுபடியும் ஒரு வரிசை. மூடியைச் சுற்றி நாடாத்துணி கட்டி, அவள் படுக்கும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். ஜனவரி 6ஆம் தேதி சாயங்காலம்தான் திறப்பு. இடையில் நாங்கள் போய் நச்சரித்தால், "ராசாமாரு இன்னும் வழியிலதான் வந்துக்கிட்டிருக்காவ. அவிய வருமுன்ன நீங்க தின்னு தீத்துட்டா அவியளுக்கு என்னத்தக் குடுக்க?" என்பாள்.

அவர்கள் வந்துகொண்டிருப்பதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். இயேசு பிறப்பைக் காட்டும் பொம்மைக் குடிலில் எல்லோரும் இருப்பார்கள், மூன்று ராஜாக்களும் ஒட்டகமும் மட்டும் இருக்க மாட்டார்கள். அவர்களை எதிர்ச்சுவர் ஜன்னல் திட்டில் நிறுத்தியிருப்பாள். 26ஆம் தேதியிலிருந்து தினமும் கொஞ்சம் நகர்த்தலாம், ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு முறை. அலமாரி மேல், ரேடியோ மேல், மாவுப் பானை மூடி மேல் என்று ஒட்டகம் எங்கள் வீட்டையே சுற்றி வரும். யார் முறை என்று அடிதடி நடக்கும். குடிலுக்குப் பச்சையாக இருக்கட்டும் என்று தட்டில் விதைத்த கேழ்வரகு அதற்குள் நெடுநெடுவென்று வளர்ந்து தலை சாய்ந்து, குழந்தை இயேசுவையே மறைத்துவிடும். ஆச்சி கத்தரிக்கோலை எடுத்து முன்பக்கம் மட்டும் கத்தரித்துவிடுவாள். இதில் எதற்காவது செலவு உண்டா? அட்டவணை உண்டா?

ஆச்சி முந்திரிக்கொத்தை ராசா டின்னில் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. சிறுபயறை வறுத்து ரவைப் பதத்தில் திரித்து, தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுத்து, எள், ஏலம் சேர்த்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் உருட்டுவது அது. அந்த உருண்டை காற்றில் காய்ந்து இறுகிய பிறகுதான் அரிசி மாவும் துளி மஞ்சளும் கரைத்த மாவில் முக்கி எண்ணெயில் விடுவார்கள். ஈரம் என்று அதில் மிச்சம் கிடையாது. தேங்காயை ஒழுங்காக வறுத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றும் ஆகாது. புதுசாகத் தின்பதைவிட ஒரு வாரம் கிடந்தபின் கருப்பட்டி உள்ளே இறங்கித் தின்பதே ருசி என்று நான் சாதிப்பேன். நம் ஊர்க் கிறிஸ்மஸ் பலகாரங்களை யோசித்துப் பாருங்கள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கலகலா, அதிரசம், ஊறவைத்த பழம் போட்ட கேக் எல்லாமே டின்னில் கிடந்து நாளைத் தள்ளக்கூடியவை. சுடச்சுடத் தின்று தீர்க்கவேண்டியது ஒன்றுகூட இல்லை. செய்தவர்கள் பன்னிரண்டு நாளை மனசில் வைத்தே செய்திருக்கிறார்கள். ஒரு முறை சுட்டு, பல நாள் தின்பதற்கு. நீங்களோ பல நாள் சுட்டு, 25ஆம் தேதி முடித்துவிடுகிறீர்கள்.

இங்கேதான் எனக்கு உங்கள்மேல் கோபம். அந்த அட்டவணையில் யார் என்ன செய்வது என்று எழுதிய பத்தியை இரண்டு தடவை படித்தேன். மாவு அரைப்பது நான், பொரிப்பது நான், பிள்ளைகளோடு கைவேலை நான், பாத்திரம் நான். உங்கள் வீட்டுக்காரர் ஒரே ஒரு கட்டத்தில் வருகிறார், ஸ்டார் கட்ட. அதுவும் நவம்பர் முதல் தேதியோடு அவர் வேலை முடிந்தது! குடும்பத்தோடு நீட்டிப்பது எப்படி என்று கேட்டீர்களே, இப்போது குடும்பம் எங்கே இருக்கிறது? ஹாலில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டு, உள்ளேயிருந்து தட்டு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நீட்டியது உங்கள் வேலையை மட்டும்தான். அலுக்காமல் என்ன செய்யும்?

பிலிப்பைன்ஸை உதாரணம் காட்டினீர்கள். அங்கே டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்குப் போகிறார்கள். முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே பிபிங்கா என்ற அரிசி மாவுப் பலகாரம், மேலும் கீழும் கனல் வைத்துச் சுட்டது, வாழையிலையோடு சுடச்சுட விற்கிறது. வாங்கித் தின்றுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வீட்டுப் பெண் செப்டம்பரிலிருந்து அடுப்படியில் நிற்பதாக நீங்கள் பார்த்த வீடியோவில் இருந்ததா? அந்த ஊர்க்காரர்கள் 25ஆம் தேதியோடு கடையை மூடுவதும் இல்லை, ஜனவரியிலும் கொண்டாடுகிறார்கள். அதை வீடியோவில் காட்டினார்களோ என்னவோ.

சரி, இந்த வருஷம் நடந்தது நடந்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் கிறிஸ்மஸுக்கு முந்தைய சனிக்கிழமை வரை பலகார அடுப்புக்கு லீவு. பலகாரச் சுடுகைக்கு அந்தச் சனி ஞாயிறு போதும், அதற்கு எல்லோரும் வர வேண்டும். அச்சுமுறுக்கு வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். சும்மா சொல்லவில்லை, அது பொறுமைசாலி ஆணுக்கு ஏற்ற வேலை. அச்சை எண்ணெயிலேயே கிடத்தி நன்றாகச் சூடேற்ற வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் இறக்க வேண்டும், விளிம்பைத் தாண்டி மாவு மேலே ஏறினால் அச்சு முறுக்கை விடாது. எண்ணெயில் பிடித்திருந்து, ஓரம் சிவக்கத் தொடங்கியதும் லேசாக ஒரு உதறல், பூ தனியே மிதந்து போகும். முதல் நாலைந்து பிய்ந்துதான் வரும், அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவள் கருப்பட்டி தட்டட்டும், சின்னவன் உருண்டை பிடிக்கட்டும், கோணலாக வந்தாலும் நீங்கள் கையை வைக்கக் கூடாது. உங்களுக்கு அதுதான் கஷ்டம், தெரியும்.

பாதியை டின்னில் கட்டிவிடுங்கள். 26ஆம் தேதி முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள், நேற்றைய குழம்பும் இட்லியும் போதும், யாரும் சமைக்க வேண்டாம். இடையில் ஒரு நாள் தூக்குவாளியோடு பிள்ளைகளை அக்கம்பக்கம் அனுப்புங்கள். தீபாவளிக்கு உங்களுக்கு அதிரசம் வந்த வீடுகள் எல்லாம் காத்துக்கொண்டிருக்கும். 25ஆம் தேதி கொடுத்தால் பத்து வீட்டுத் தட்டோடு உங்களுடையதும் ஒன்று. 29ஆம் தேதி கொடுத்துப் பாருங்கள், கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். 31ஆம் தேதி புத்தாண்டு பிறக்கும் வரை விழித்திருக்கும் வாட்ச் நைட் ஆராதனை இருக்கிறது, மறுநாள் எல்லோரும் தூங்குங்கள். 2026 ஜனவரி 6 செவ்வாய்க்கிழமை, வேலை நாள். லீவெல்லாம் வேண்டாம், சாயங்காலம் ஏழு மணிக்கு டின்னைத் திறந்தால் போதும். ஒரு வாரத்தில் பொங்கலும் வந்துவிடும்.

ஸ்டாரை அதுவரை இறக்காதீர்கள். கரண்டு பில் என்று வீட்டுக்காரர் முனகினால், நவம்பர் முழுக்க எரிந்ததற்கு யார் பணம் கட்டியது என்று கேளுங்கள். அப்புறம், டின்னைத் திறக்கும்போது அச்சுமுறுக்கு நமுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓவனில் மெல்லிய சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும். அந்த வேலையும் அவருக்குத்தான்.