ஆயுள் கூடிய எலிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வாழ்நாளைக் கூட்டும் மருந்துகள், சத்துமாத்திரைகள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் டொக்டர் அல்ல. விலங்கு உடலியல் படித்து, ஆய்வுகூட எலிகளோடு வேலை செய்தவன். எலிக்கு என்ன நடந்தது என்று சொல்வேன். உங்களுக்கு எந்த மாத்திரை என்று கேட்காதீர்கள். கீழே எலி என்று வருவது பெரும்பாலும் சுண்டெலிதான்.

தலவாக்கலையிலிருந்து: கிரீன் டீ சாறும் மஞ்சளும் எலியின் ஆயுளைக் கூட்டுமாமே? அப்படியென்றால் நம் தேயிலைக்கு நல்ல காலம்தானே?

ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் ஒரு திட்டம் நடத்துகிறது. ஒரே பொருளை ஒரே நேரத்தில் மெயின், மிச்சிகன், டெக்சஸ் என்று 3 இடங்களில் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் தற்செயலாக நல்ல முடிவு வந்தால் மற்ற இரண்டு இடமும் காட்டிக்கொடுத்துவிடும். எலிகளும் ஒரே அச்சில் வார்த்த இனமல்ல, கலப்பினம். 2013இல் வெளியான முடிவுப்படி கிரீன் டீ சாறு, மஞ்சளிலுள்ள குர்குமின், திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ரோல் மூன்றுமே ஆயுளைக் குறிப்பிடும்படி கூட்டவில்லை.

இது சாறாக்கித் தீனியில் கலந்ததைப் பற்றிய முடிவு. நீங்கள் குடிக்கும் பிளேன்டீ பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை விட வேண்டாம், அதில் போடும் சீனியைக் குறையுங்கள்.

பண்டாரவளையிலிருந்து உயர்தர மாணவி: அப்படியானால் எதுதான் வேலை செய்தது?

தங்கச்சி, இதுவரை பலமான சாட்சி உள்ளது ரபமைசினுக்கு. அதன் கதையே சுவையானது. 1964இல் கனடாவிலிருந்து போன ஒரு குழு ஈஸ்டர் தீவில் மண் எடுத்து வந்தது. அந்த மண்ணிலிருந்த பக்டீரியா ஒன்று பங்கசைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. அந்தத் தீவின் பெயர் ராப்பா நூயி, அதனால் ரபமைசின். பிறகுதான் அது உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் என்று தெரிந்து, சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மேலே சொன்ன திட்டத்தில் இதை எலித் தீனியில் கலந்தபோது மருந்து சிதைந்துபோனது. சிதையாதபடி உறை போட வழி காண்பதற்குள் எலிகள் 600 நாள் வயதைத் தாண்டிவிட்டன. மனிதக் கணக்கில் ஏறக்குறைய 60 வயது. சரி, கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தார்கள். 2009இல் முடிவு வந்தது. 90 சதவீத எலிகள் இறந்துபோகும் வயதை வைத்துப் பார்த்தால் பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் கூடியிருந்தது. கிழட்டு வயதில் தொடங்கியும் பலன் கிடைத்தது என்பதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

அகார்போஸ் இன்னொன்று. மாச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் சீனி வருத்த மாத்திரை அது. 2014இல் வந்த முடிவில் ஆண் எலிகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி எலிகள் இறந்துபோகும் வயது, 22 சதவீதம் கூடியது, பெண் எலிகளுக்கு 5 மட்டுமே. ஏன் இந்த ஓரவஞ்சனை என்பதற்கு இன்னும் முழு விளக்கம் இல்லை. உயிரியல் படிக்கிறீர்கள் அல்லவா, பிற்காலத்தில் நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஹட்டனிலிருந்து: பேஸ்புக்கில் ஒரு கெப்சூல் விற்கிறார்கள். "எலியின் ஆயுளை 30 சதவீதம் கூட்டியது" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா அண்ணே?

தம்பி, மருந்து தின்ற எலியை விடுங்கள். மருந்து தின்னாத எலி எத்தனை நாள் வாழ்ந்தது என்று முதலில் கேளுங்கள்.

நன்றாகப் பராமரித்த ஆய்வுகூட எலி, மருந்து எதுவும் இல்லாமலே 900 நாள் அளவில் வாழும். சில ஆய்வுகளில் ஒப்பீட்டு எலிகள், அதாவது மருந்து கொடுக்காதவை, 700 நாளிலேயே செத்துப்போயிருக்கும். கூண்டு சரியில்லை, கிருமித் தொற்று, பலவீனமான இனம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அங்கே மருந்து தின்றவை 900 நாள் வாழ்ந்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல் என்று விளம்பரம் போட்டுவிடலாம். உண்மையில் அவை சாதாரண எலியின் ஆயுளைத்தான் வாழ்ந்திருக்கின்றன. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ரெஸ்வெராட்ரோல் புகழ்பெற்றதும் இப்படித்தான். 2006இல் வந்த ஆய்வில், கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக உள்ள தீனியைத் தின்று பெருத்த எலிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். மருந்து இல்லாத குண்டு எலிகளைவிட அவை நன்றாக வாழ்ந்தன. பத்திரிகைகள் கொண்டாடின. சாதாரண தீனி தின்ற எலிகளுக்குக் கொடுத்தபோது ஆயுள் கூடவில்லை. 2008இல் அந்த ஆய்வோடு தொடர்புள்ள கம்பெனி 720 மில்லியன் டொலருக்கு விலைபோனது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விற்பவரிடம் ஒப்பீட்டு எலிகளின் ஆயுளைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. காசை வைத்துக்கொள்ளுங்கள்.

பதுளையிலிருந்து: அம்மாவுக்குச் சீனி வருத்தம், மெட்போர்மின் குடிக்கிறார். அது ஆயுளையும் கூட்டும் என்று மகன் சொல்கிறான். நானும் குடிக்கலாமா?

வேண்டாம் அக்கா. 2013இல் ஓர் ஆய்வில், தீனியில் 0.1 சதவீதம் கலந்தபோது ஆண் எலிகளின் ஆயுள் 6 சதவீதம் அளவில் கூடியது. அதையே 1 சதவீதமாக்கியபோது ஆயுள் குறைந்துவிட்டது. 3 இடச் சோதனையில் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கு அது சீனியைக் கட்டுப்படுத்தும் மருந்து. கிளினிக் கொப்பியில் எழுதியபடி அவர் தொடரட்டும். அவருடைய மாத்திரையில் பங்கு கேட்காதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: குறைவாகச் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம் என்கிறார்கள். நாங்கள் சஷ்டி விரதம் இருக்கிறோம். அது போதுமா ஐயா?

இந்தத் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. 1935இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, வெள்ளெலிகளுக்கு (சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வுகூட எலி) சத்து குறையாமல் கலோரியை மட்டும் குறைத்தார். அவை நீண்ட நாள் வாழ்ந்தன. அதன்பின் பலமுறை திருப்பிச் செய்து பார்த்த முடிவு இது.

குரங்கில்தான் சிக்கல் வந்தது. ரீசஸ் குரங்குகளை வைத்து அமெரிக்காவில் இரண்டு நீண்ட ஆய்வுகள் நடந்தன. விஸ்கொன்சின் குழு 2009இல் பலன் உண்டு என்றது. தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் குழு 2012இல் ஆயுள் கூடவில்லை என்றது. தோண்டிப் பார்த்தால் விஸ்கொன்சின் உணவில் 28 சதவீதம் அளவில் சீனி, மற்றதில் 4 சதவீதம் அளவில்தான். விஸ்கொன்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் ஆசைப்பட்ட அளவு தின்றன. மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளவு இருந்தது. சீனி நிறைந்த சாப்பாட்டைக் குறைத்தால் நல்லது நடக்கிறது. ஏற்கனவே அளவாகச் சாப்பிடுபவர் மேலும் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

விரதம் உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் ஆயுளுக்காகப் பட்டினி என்பது நம் தோட்டங்களுக்குப் பொருந்தாத ஆலோசனை. 2016 தேசியக் கணக்கெடுப்பில், தோட்டப்புறங்களில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 3இல் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். வெறும் வயிற்றோடு மலைக்குப் போகும் தாய்க்கு இன்னும் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நுவரெலியாவிலிருந்து: எனர்ஜி ட்ரிங்கில் டோரின் இருக்கிறது. அது ஆயுளைக் கூட்டுமா?

டோரின் நம் உடலிலும் இருக்கும் ஒரு அமினோ அமிலம். 2023இல் அதைக் கொடுத்த எலிகளின் ஆயுள் 10 முதல் 12 சதவீதம் கூடியது என்று செய்தி வந்தது உண்மை. வயது போகப் போக இரத்தத்தில் டோரின் குறைகிறது என்பதுதான் அதன் அடிப்படை. 2025இல் மனிதரிலும் குரங்கிலும் எலியிலும் அளந்த வேறொரு குழு, அப்படி ஒழுங்காகக் குறைவதாகத் தெரியவில்லை என்றது. எப்படியும் அந்தப் போத்தலில் உள்ள சீனி டோரினோடு இலவசமாக வருகிறது.

வெலிமடையிலிருந்து: என் நாய்க்கு 9 வயது. ரபமைசின் கொடுக்கலாமா?

அமெரிக்காவில் நாய்களுக்கு அதைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அதை வைத்து நீங்கள் வீட்டில் தொடங்க வேண்டாம்; எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து அது. நாயை மெலிவாக வைத்திருங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: உடற்பயிற்சி எலியின் ஆயுளைக் கூட்டுமா? கூடையோடு மலையேறுவது அந்தக் கணக்கில் வருமா?

சுழல் சக்கரத்தில் ஓடிய வெள்ளெலிகளின் சராசரி ஆயுள் கூடியது. அதிகபட்ச ஆயுள் கூடவில்லை. அதாவது சீக்கிரம் சாவது குறைந்தது, மூப்பு தள்ளிப்போகவில்லை.

கூடைக் கணக்கு வேறு அக்கா. எலி தனக்குத் தோன்றும்போது ஓடும், களைத்தால் இறங்கிவிடும். பின்னால் நின்று கிலோ கேட்க அதற்கு ஆளில்லை. சுமையும் இல்லை, அட்டைக்கடியும் இல்லை. அந்த முடிவை உங்கள் முழங்காலுக்குப் பொருத்த முடியாது. வலி இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.