ஒரு நாள் முழுக்க எடுத்தோம், ஒன்றும் தேறவில்லை

கேள்வி: நான் மேல்நிலை வகுப்பு மாணவி. பள்ளித் திட்டப்பணிக்காக ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்கிறோம். பாட்டு நான்கு நிமிடம். இயக்கம் என் பொறுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலை வரை கைப்பேசியில் எடுத்தோம். வீட்டுக்கு வந்து பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் வாயசைப்பு எங்குமே பொருந்தவில்லை. பாதி இடங்களுக்குக் காட்சியே இல்லை. குழுவில் ஒருவன் கதை வேண்டும் என்கிறான், ஒருத்தி நடனம்தான் வேண்டும் என்கிறாள். இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. இன்னொரு தோழி கேமரா முன் நிற்கவே மாட்டேன் என்று அழுதுவிட்டாள். நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. தேறியது ஒன்றே ஒன்று: கேமரா ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டே நடந்து போகும் எட்டு வினாடிகள். ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கிறது. எடுத்ததை ஒட்டிச் சமாளிக்கலாமா, முதலிலிருந்து தொடங்கலாமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலிலிருந்து தொடங்கு. பொருந்தாததை ஒட்டிச் சமாளிக்க மூன்று வாரம் போதாது. புதிதாகத் திட்டமிட்டு எடுக்க அதே மூன்று வாரம் தாராளம்.

வயதில் சிறியவள் என்பதால் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகப் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு நாள் உழைப்பைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கும் இளையவர்களின் முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துத்தான் போகிறது. வாயசைப்பு, விடுபட்ட காட்சிகள், குழுச் சண்டை என்று மூன்று குறைகளை எழுதியிருக்கிறாய். எனக்கு மூன்றும் ஒரே இடத்திலிருந்து முளைத்தவையாகத் தெரிகின்றன. எதை எப்போது எடுப்பது என்று எழுதிய தாள் கையில் இல்லாமல் கேமராவோடு கிளம்பிவிட்டீர்கள்.

முதலில் ஒரு கணக்கைப் பார். ஒரு ஷாட் திரையில் சராசரியாக நான்கு வினாடி நிற்கும் என்று வைத்துக்கொள். நான்கு நிமிடப் பாட்டுக்கு 60 ஷாட் வேண்டும். இடம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, ஒத்திகை முடித்து, இரண்டு மூன்று டேக் எடுக்க ஒரு ஷாட்டுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். ஆக, 15 மணி நேர வேலை. அதை ஒரே பகலில் முடிக்கப் பார்த்தால் பாதிப் பாட்டுக்குக் காட்சி இல்லாமல்தான் போகும். அதில் யாருடைய தவறும் இல்லை. நாளைக்கே உன் ஆசிரியரிடம் போய், பாட்டை இரண்டு நிமிடமாகச் சுருக்கிக்கொள்ள அனுமதி கேள். பல்லவி, இடையிசை, ஒரு சரணம், மறுபடி பல்லவி, கடைசி இசை. இவ்வளவு போதும். 30 ஷாட், ஏழரை மணி நேரம், இரண்டு அரை நாள்களில் முடியும். சுருக்கும் வேலையைப் படப்பிடிப்புக்கு முன்பே முடித்துவிடு. அந்த ஒரு கோப்பு மட்டும்தான் இனி எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

அடுத்த ஒரு வாரத்துக்குக் கேமராவைத் தொடாதீர்கள். ஐந்து பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை மூன்று முறை கேளுங்கள். எங்கே குரல் தணிகிறது, எங்கே ஒரு வாத்தியம் புதிதாக நுழைகிறது, எங்கே மூச்சு வாங்க இடம் விடுகிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் வினாடி, அடுத்து பாட்டு வரி, அதற்கடுத்து நாம் பார்ப்பது என்ன, எங்கே, யார் யார், என்ன பொருள் வேண்டும். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதுதான் ஞாயிற்றுக்கிழமை விடுபட்ட காட்சி. தாளில் காலியாக இருந்தால் அழித்து எழுதலாம்.

தாளத்தையும் எண்ணிக் குறித்துக்கொள். நிமிடத்துக்கு 120 தட்டு வரும் பாட்டானால் ஒரு தட்டுக்கு அரை வினாடி, எட்டுத் தட்டுக்கு நான்கு வினாடி. காட்சி மாறும் இடம் தட்டின் மேல் விழுந்தால் பார்ப்பவர்களுக்கு அது இயல்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டினால் கண் களைத்துவிடும். சரணத்தில் எட்டுத் தட்டுக்கு ஒரு முறை மாற்றி, பல்லவி திரும்பும்போது நான்காகக் குறைத்துப் பார். பாட்டு வேகம் எடுப்பது போலவே தோன்றும்.

இனி உன் நண்பர்களின் சண்டை. வாக்கெடுப்பு வைக்காதே. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றவர்கள் மீதி நாள்களில் மனமில்லாமல் வேலை செய்வார்கள். கதையையும் நடனத்தையும் வரிக்கு வரி மாற்றி மாற்றி வைக்கலாம் என்று யாராவது சமாதானம் சொன்னால் அதையும் ஏற்காதே; இரண்டும் கெடும். பல்லவியின் முதல் 20 வினாடியை இருவரிடமும் கொடு. ஒரு மணி நேரத்தில், பள்ளி வராந்தாவிலேயே, அவரவர் யோசனையை எடுத்துக்கொண்டு வரட்டும். இரண்டையும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு கேட்காதபோதும் எதில் பாட்டின் உணர்வு தெரிகிறதோ அதுவே உங்கள் வீடியோவின் முதுகெலும்பு. மற்றதற்கு இடையிசையை முழுமையாக ஒதுக்கிக் கொடு. அங்கே வேறு எதுவும் குறுக்கே வரக் கூடாது.

கதை வேண்டும் என்கிற பையனிடம் ஒரு நிபந்தனை வை. கதையை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதில் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கலாம். 'ஒருவன் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறான், கொடுக்காமல் திரும்புகிறான்.' இரண்டு நிமிடப் பாட்டு இதற்கு மேல் தாங்காது. நடனம் கேட்கும் பெண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல். 'ஓகே கோ' என்ற இசைக்குழு 2006-இல் எட்டு டிரெட்மில்களின் மேல் நான்கு பேர் ஆடுவதை, அசையாமல் நிற்கும் ஒரே கேமராவில், இடையில் வெட்டே இல்லாமல் எடுத்தது. அந்த வீடியோவுக்கு 2007-இல் கிராமி விருது கிடைத்தது. அங்கே உழைப்பெல்லாம் கேமரா ஓடுவதற்கு முன்பு, ஒத்திகையில் நடந்தது. ஆட்டம் மனப்பாடமாகும் வரை படப்பிடிப்புத் தேதியைக் குறிக்காதே.

வாயசைப்புக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய பதிவில் ஒரு நீளமான ஷாட்டை எடுத்து, தொடக்கத்தில் உதட்டையும் பாட்டையும் சரியாகப் பொருத்திப் பார். கடைசி வரை பொருந்தி வந்தால் சிக்கல் எதுவும் இல்லை, வைத்த இடம்தான் தவறு. போகப் போக விலகினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பாடியவர் பாட்டைக் கேட்காமல் நினைவிலிருந்து பாடியிருப்பார். அல்லது படப்பிடிப்பில் ஒலித்ததும் தொகுப்பில் வைத்ததும் ஒரே பாட்டின் இருவேறு பதிவுகளாக இருக்கும். அல்லது கைப்பேசி, வெளிச்சம் குறைந்த இடத்தில், வினாடிக்கு எடுக்கும் பிரேம்களின், அதாவது தனித்தனி அசையாப் படங்களின், எண்ணிக்கையைத் தானாகவே குறைத்தும் கூட்டியும் இருக்கும். பல கைப்பேசிகள் அப்படிச் செய்கின்றன. சில தொகுப்பு மென்பொருள்களுக்கு அது புரிவதில்லை. பிரேம் எண்ணிக்கையை நிலையாக வைக்கும் கேமரா செயலி கிடைத்தால் அதில் எடு. 25 அல்லது 30, எதுவானாலும் முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட் வரை ஒன்றாகவே இருக்கட்டும்.

படப்பிடிப்புத் தளங்களில் பாட்டை ஒலிக்கவிடும் கருவியை 'நாகரா' என்று சொல்வார்கள். ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-இல் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவியின் பெயர் அது. பாட்டு உரக்க ஒலிக்காமல் வாயசைப்பு எடுப்பதில்லை. நீங்களும் ஒரு நல்ல ஸ்பீக்கரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதைப் பாடுபவருக்கு அருகில், கேமராவில் படாத இடத்தில் வையுங்கள். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு பத்தில் ஒரு வினாடி தாமதமாகக் கேட்கும்; 30 பிரேம் கணக்கில் மூன்று பிரேம். உதடு பிந்துவது பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பாட்டின் தொடக்கத்தில் 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று தாளத்தோடு ஒரு எண்ணிக்கையைப் பதிவு செய்து சேர்த்துக்கொள். கேமராவின் ஒலியை அணைக்காதே. அது பதிவு செய்யும் கரகரப்பான பாட்டுதான் தொகுப்பில் உனக்கு வழிகாட்டி. அசல் பாட்டோடு அதைப் பொருத்திவிட்டால் உதடு தானாகப் பொருந்தும், பிறகு அதை அணைத்துவிடலாம். பாடுபவர் உண்மையாகவே குரல் விட்டுப் பாட வேண்டும். வெறும் உதட்டசைவில் கழுத்து நரம்பு அசையாது, நெஞ்சு ஏறி இறங்காது, பொய் தெரிந்துவிடும். குரல் நன்றாக இல்லை என்று வெட்கப்பட வேண்டாம். அந்தக் குரல் யாருக்கும் கேட்கப் போவதில்லை.

இன்னொரு வித்தை சொல்கிறேன், உன் குழுவுக்குப் பிடிக்கும். பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, வினாடிக்கு 60 பிரேமில் எடுத்து, தொகுப்பில் அதைப் பாதி வேகமாக்கு. உதடு பாட்டோடு பொருந்தி வரும். கூந்தலும் துணியும் மட்டும் மெதுவாக மிதக்கும். பிரேம் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கட்டும் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. ஒரு இடத்தில் மட்டும் பயன்படுத்து.

படப்பிடிப்பு நாளில் பாடும் காட்சிகளை முதலில் எடு. முழுப் பாட்டையும் தூரத்திலிருந்து ஒரு முறை, இடுப்பளவில் ஒரு முறை, முகத்தருகே ஒரு முறை. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் அதன்பின் எது தவறினாலும் பாட்டில் ஓட்டை விழாது. அந்த நிம்மதியில் மற்றவற்றை எடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் மூன்று வினாடி கூடுதலாக ஓடட்டும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடு, லென்ஸைத் துடை, திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிடு. பெரிதாக்கும் வசதியைத் தொடாதே, நடந்து அருகில் போ. உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே கருநிழல் போடும்; காலையிலோ மாலையிலோ எடு. முடியாவிட்டால் நிழலில் நிற்க வைத்து, ஒரு வெள்ளை அட்டையால் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பு. அன்றிரவே எல்லாப் பதிவுகளையும் இரண்டு இடங்களில் சேமித்துவிடு.

நீ சொல்வதை யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். 'அடுத்து என்ன எடுக்கிறோம்?' என்று கேட்பவர்களுக்கு உன்னிடம் பதில் இல்லாதபோது ஆளுக்கொரு பதில் சொல்லத்தான் செய்வார்கள். 17-வது ஷாட், மாடிப்படி, இரண்டு பேர், குடை என்று தாளைப் பார்த்துச் சொல்கிற நிலை வந்தால் நீ குரலை உயர்த்தவே தேவைப்படாது.

அழுத தோழியைக் கேமரா முன் இழுக்காதே. கை மட்டும் காட்டு, நிழல் மட்டும் விழட்டும் என்றும் கெஞ்சாதே. பாட்டை ஒலிக்கவிடுவதும் ஷாட் பதிவேடு எழுதுவதும் அவள் வேலையாக இருக்கட்டும். எந்த டேக் நன்று, எதில் கை தவறியது, எதில் யார் சட்டையைச் சுருட்டியிருந்தார் என்று அவள் எழுதி வைப்பதை வைத்துத்தான் தொகுப்பு நடக்கும். அது இல்லாமல் வந்த பதிவுகளோடு நான் பல இரவுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். இது எடுபிடி வேலை என்று யாரும் நினைக்காதபடி, தலைப்பு அட்டையில் அவள் பெயரைப் பொறுப்போடு சேர்த்துப் போடு.

பாட்டின் உரிமை பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். பாட்டுக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. வகுப்பறையில் காட்டுவது ஒன்று, இணையத்தில் ஏற்றுவது வேறொன்று. யூடியூப் 2007 முதலே ஏற்றப்படும் வீடியோக்களின் ஒலியைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆக்கியவரே சில நிபந்தனைகளோடு மற்றவர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் பாட்டானாலும் 'மாற்றியமைக்கக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் அதை வீடியோவோடு சேர்க்க முடியாது. படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றியமைத்தலாகக் கருதப்படும். உங்கள் பள்ளியிலேயே பாடுகிற, மெட்டமைக்கிற ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் எடுத்தாலும் உரியவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மாடி விளிம்பு, ரயில் பாதை, ஓடும் வண்டி ஆகிய மூன்றும் கூடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் வாரம் தாளும் ஒத்திகையும், இரண்டாம் வாரம் இரண்டு அரை நாள் படப்பிடிப்பு, மூன்றாம் வாரம் தொகுப்பு. தொகுப்பில் பாட்டை முதலில் வை, பிறகு அதை நகர்த்தாதே. ஒப்படைக்கும் முன், பள்ளியில் எந்தத் திரையில் காட்டுவார்களோ அதிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடு.

அந்த எட்டு வினாடிகளை அழித்துவிடாதே. கடைசி இசையில் யாரும் பாடுவதில்லை, வாயசைப்பும் தேவையில்லை. இப்போது பேசிக்கொள்ளாத இருவரும், அழுத தோழியும் சேர்ந்துதானே அதில் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள்? தோழியிடம் தனியாகக் காட்டி, 'இதை வைக்கலாமா?' என்று கேள். அவள் சரி என்றால் மட்டும், தாளின் கடைசிக் கட்டத்தில் எழுது.