குழலும் டிஸ்டார்ஷன் கிட்டாரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாட்டில்லாமல் வாத்தியங்களை மட்டும் வைத்து ராக் வாசிக்கிறோம். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்ட கிட்டார் தொடங்கியதும் வெஸ்டர்ன் ஃப்ளூட் காணாமல் போகிறது. சத்தத்தைக் கூட்டினால் மைக் ஊளையிடுகிறது. என்ன செய்வது?

பதில்: கிட்டாரின் கெயினில்தான், அதாவது டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகில்தான், கைவைக்க வேண்டும். ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி 262 முதல் 523 ஹெர்ட்ஸ் வரை. அங்கே அதற்கு இயல்பிலேயே பலம் குறைவு. டிஸ்டார்ஷன் அதே இடத்தை இடைவெளியே விடாமல் நிரப்பிவிடும். கெயின் 8-ல் இருந்தால் 5-க்கு இறக்குங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்தாற்போல் இருக்கும். பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் கனம் வந்துவிடும். குழல் மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள்.

அடுத்து மைக். வாசிப்பவரின் உதட்டுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள்: காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அந்தப் பாதையில் மைக் இருந்தால் 'புஸ்' என்ற இரைச்சல்தான் மிஞ்சும். உதட்டுக்குச் சற்று மேலே, 5 முதல் 10 செ.மீ. தள்ளி, சாய்த்து வையுங்கள். ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். குழலின் முனையில் வைக்காதீர்கள், பெரும்பாலான ஸ்வரங்களுக்கு ஒலி ஊதும் துளையிலிருந்தும் திறந்த துளைகளிலிருந்தும்தான் வருகிறது. மைக்கின் முதுகு கிட்டார் ஆம்ப்பைப் பார்க்கட்டும். மிக்ஸரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். அங்கே குழலின் ஸ்வரம் எதுவும் இல்லை, டிரம்ஸ் அதிர்வுதான் இருக்கிறது.

இன்னொன்று. தன் வாசிப்பு காதில் விழாவிட்டால் யாரும் அழுத்தி ஊதத்தான் செய்வார்கள். ஊதினால் சுருதி ஏறும். கிட்டார் 880 ஹெர்ட்ஸிலும் ஃப்ளூட் 886 ஹெர்ட்ஸிலும் நின்றால் நொடிக்கு ஆறு தடவை ஒலி துடிக்கும். ஃப்ளூட் வாசிப்பவருக்கென்று தனி மானிட்டர் (தன் வாசிப்பைத் தானே கேட்க உதவும் ஸ்பீக்கர்) கொடுங்கள். குளிர்ந்த ஃப்ளூட்டில் சுருதி தாழ்ந்திருக்கும், அதனால் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகே சேருங்கள்.

கேள்வி: மூங்கில் குழல் சரிப்படுமா?

பதில்: அருமையாகச் சேரும். மூங்கிலை நீட்டிக் குறைக்க முடியாது என்பதால் கிட்டார்தான் அதன் சுருதிக்கு வர வேண்டும். கிட்டாரின் தடித்த தந்தி E ஸ்வரம். 3 கட்டைக் குழலின் ஸட்ஜமமும் அதுவே. ராக் கிட்டாரில் வழக்கமான பவர் கார்டில் ஸட்ஜமமும் பஞ்சமமும் மட்டுமே உண்டு. காந்தாரம் இல்லாததால், சாதாரண காந்தாரமா (தாழ்ந்தது) அந்தர காந்தாரமா (உயர்ந்தது) என்பதைக் குழலே முடிவு செய்யலாம், கமகமும் தாராளமாக வாசிக்கலாம். கிட்டார்காரர் அந்தர காந்தாரமும் சேர்ந்த முழு மேஜர் கார்டு பிடித்தால் அந்தச் சுதந்திரம் போய்விடும். டிஸ்டார்ஷனில் அது குழம்பியும் ஒலிக்கும்.

கேள்வி: யாரைக் கேட்டுப் பழகலாம்?

பதில்: ஹங்கேரியின் சோலாரிஸ் குழுவின் 1984 ஆல்பமான 'மார்ஸ்பேலி க்ரோனிகாக்'. குழல் அட்டிலா கொல்லார், கிட்டார் இஸ்த்வான் சிக்லான். பிறகு இங்கிலாந்தின் கேமல் குழு 1975-இல் வெளியிட்ட 'தி ஸ்னோ கூஸ்'. பாடல் வரிகளே கிடையாது. ஆண்ட்ரூ லாட்டிமர் கிட்டார், குழல் இரண்டையும் வாசிப்பவர். அதில் 'ராயடர்' என்ற பகுதி குழலில் தொடங்கும். அதையடுத்த பகுதியில் கிட்டார் முன்னுக்கு வரும். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.