கூதிர் காலத்துப் பறவைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பறவை நோக்குதல் பற்றிய நூல்கள் பலவும் இலையுதிர் காலத்தையே சிறந்த பருவம் என்கின்றன. நம் ஊரில் அது எந்த மாதம்? (வாசகர், வந்தவாசி)

அந்த நூல்கள் குறிப்பிடுவது வடநாடுகளின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை. நம் மரங்களோ பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் இலை உதிர்க்கின்றன. அங்கே இலை விழும் நாட்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர் என்றார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஆனால், கூதிர் பிறக்கட்டும் என்று காத்திருந்தால் பாதிப் பறவைகளைத் தவறவிடுவீர்கள். சேற்றில் நடந்து இரை கொத்தும் பொறி உள்ளான்கள் ஆகஸ்ட் மாதத்திலேயே ஏரிகளின் சேற்றோரங்களுக்கு வந்துவிடுகின்றன. வலசை வரும் வாலாட்டிகள் புரட்டாசியில் தலைகாட்டும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் ஏரி நிரம்பிய பிறகே கூட்டமாகத் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர், தளும்பி நிற்கும் ஏரிக்கரையில் நின்றுகொண்டு உள்ளான்களைத் தேடி ஏமாறுகிறார்கள். கொசு உள்ளானின் கால் நம் சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதற்குமேல் தண்ணீர் நின்றால் அது எங்கே நின்று எதைக் கொத்தித் தின்னும்? ஏரி நிறைந்துவிட்டால் உள்ளான்களைப் புதிதாக உழுது நீர் பாய்ச்சிய வயலிலும் உப்பளப் பாத்திகளிலும் தேடுங்கள்.

வேடந்தாங்கலுக்கு அக்டோபர் தொடக்கத்தில் சென்றோம். ஏரி வறண்டு கிடந்தது. சைபீரியாவிலிருந்து வந்து கூடு கட்டும் பறவைகளைக் காண எப்போது போக வேண்டும்? (வாசகி, தாம்பரம்)

மழை பெய்து ஏரியில் நீர் நின்ற பிறகு போங்கள். பெரும்பாலும் நவம்பர் இறுதியிலிருந்து கூடு கட்டும் வேலை மும்முரமாக நடக்கும், ஜனவரியில் குஞ்சுகளைப் பார்க்கலாம். ஏரி நிறையாமல் பறவை வராததற்குக் காரணம் உண்டு. அங்கே கூடுகள் நீருக்குள் நிற்கும் மரங்களில்தான் அமைகின்றன. சுற்றிலும் உள்ள தண்ணீரே முட்டைகளுக்கு வேலி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மரத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள் மூக்கன் எதுவுமே சைபீரியாவிலிருந்து வருபவை அல்ல. எல்லாம் இந்நாட்டுப் பறவைகள், மழையைத் தொடர்ந்து ஊர்விட்டு ஊர் வருபவை. வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே இரை தேடவும் இளைப்பாறவும் மட்டுமே வருகின்றன. அவை முட்டையிடுவது தங்கள் ஊரில்தான். அறிவிப்புப் பலகைகளும் சுற்றுலாக் கட்டுரைகளும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது எனக்கு நெடுநாளைய எரிச்சல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதை அறிந்திருந்த ஊர் மக்கள், வேட்டையைத் தடுக்கக் கோரி 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைப் பத்திரமே வாங்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 30 ஹெக்டேர் மட்டுமே உள்ள ஓர் ஏரி இத்தனை காலம் காக்கப்பட்டதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஐப்பசி மழை நாளொன்றில் எங்கள் கொல்லைப்புறத்தில் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கொண்ட ஒரு பறவை பறக்க முடியாமல் கிடந்தது. படம் எடுத்து அனுப்பியுள்ளோம். என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, மன்னார்குடி)

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று கணக்கு வைத்தாற்போல் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறிய உடல், வெட்டி எறிந்தாற்போன்ற குட்டை வால், கண்ணை ஒட்டிப் பிடரிவரை ஓடும் கருமைப் பட்டை, சிறகில் திடீரென்று மின்னும் நீலம். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருகிறது. வந்திறங்கும் நாட்களில் வீட்டு விளக்குகளும் ஜன்னல் கண்ணாடிகளும் அதைத் திகைக்க வைக்கின்றன. மோதி விழுந்ததைக் காலையில் காகங்கள் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது.

அப்படி ஒரு பறவை கிடந்தால், பழைய துண்டு ஒன்றை மேலே போர்த்தி மெல்ல எடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, பூனையும் குழந்தைகளும் அண்டாத இருட்டறையில் விடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறும் பாலும் அதற்கு ஆகாது, அது உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும் பறவை. ஓரிரு மணி நேரத்தில் பெட்டிக்குள் தத்தும் ஓசை கேட்டால், காகம் இல்லாத நேரமாகப் பார்த்து, புதர் அடர்ந்த நிழலில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகிவிடலாம். சிறகு தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை.

உங்கள் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறவை உள்ளங்கையில் இருக்க, பிளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள். குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுக் கிணற்றடியில் விழுந்த ஆறுமணிக்குருவியை நானும் இப்படியே பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். அது அசையாமல் இருந்ததை அமைதி என்று நினைத்தேன். அது பயத்தில் உறைந்திருந்தது. அன்று மாலையே இறந்தும்போனது.

என்னிடம் இருப்பது சாதாரண ஜூம் கேமரா. கொக்கைப் படம் எடுத்தால் வெள்ளைத் திட்டாக விழுகிறது. பறக்கும் பறவை கலங்கிப் போகிறது. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? (வாசகர், திருநெல்வேலி)

வாங்காதீர்கள், இப்போதைக்கு. கரிய நீரும் பசும்பயிரும் சட்டகத்தை நிறைத்திருந்தால், கேமரா காட்சியே இருட்டாக இருப்பதாக எண்ணி ஒளியைக் கூட்டிக்கொள்கிறது. கொக்கின் இறகுகள் வெளுத்துப்போவது அதனால்தான். படத்தின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றுக்கு இறக்கிப் பாருங்கள், இறகின் வரிகள் தெரியும். மேகம் மூடிய வானத்தில் பருந்தை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாகப் பிளஸ் ஒன்றுக்கு ஏற்ற வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 விநாடி இருக்கட்டும். மழைமூட்டத்தில் அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, உயர்த்தினால் படத்தில் புள்ளி விழும், விழட்டும். காலை ஒளி முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு, கண்மட்டம் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்குமாறு கரையில் உட்கார்ந்துவிடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை அங்கே பார்க்கலாம்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துணிப்பையில் வைத்து பீரோவுக்குள் பூட்டுவதுதான் மிக மோசம்.

கோடியக்கரையில் பூநாரைகளையும் வெளிமான்களையும் படம் எடுக்க எவ்வளவு அருகில் போகலாம்? (வாசகர், கும்பகோணம்)

இத்தனை அடி என்று கணக்குச் சொல்வதைவிட, தூரத்தைப் பறவையே சொல்லிவிடும் என்பேன். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்று நீரை அரித்துத் தின்னும். கூட்டத்தில் நாலைந்து கழுத்துகள் மேலே எழுந்து உங்கள் பக்கம் திரும்பினால் நின்றுவிடுங்கள். எல்லாக் கழுத்துகளும் எழுந்து, கால்கள் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். அடுத்த கணம் கூட்டம் எழும்பிவிடும். அந்தச் செஞ்சிறகுக் காட்சிக்காகவே கைதட்டிக் கிளப்புகிறவர்களை உப்பளக் கரைகளில் பார்த்திருக்கிறேன். நேராக நடந்து நெருங்காமல், வரப்பின் ஓரமாகக் கோணலாகப் போய் உட்கார்ந்திருந்தால், மேய்ந்துகொண்டே அவை உங்கள் பக்கம் வருவதுண்டு.

வெளிமானுக்கு வண்டியை விட்டு இறங்காதீர்கள்; இறங்கினால் திறந்த புல்வெளியில் அது ஓடும் ஓட்டத்தை எந்த லென்ஸாலும் பிடிக்க முடியாது. காலை ஏழு மணிக்குள், முறுக்குக் கொம்புள்ள கருங்கிடா தன் எல்லைக்குள் தலையை நிமிர்த்தியபடி நடைபோடும். வண்டி எஞ்சினை அணைத்துவிட்டுப் பொறுத்திருந்தால், பக்கவாட்டில் நின்று திரும்பிப் பார்க்கும். ஐப்பசி மழையில் அந்தப் பாதைகள் சேறாகிவிடும் என்பதால், புறப்படும் முன் வனத்துறையிடம் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.