மலைக்கும் மடைக்கும் நடுவே: வாசகர் கேள்வி – பதில்

அரசுக் காடுகளையும் புறம்போக்கு நிலங்களையும் பற்றித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாபநாசத்துக்கு மேலே உள்ள காட்டில் அணை இருக்கிறது, மின் நிலையம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அதுவே புலிகள் காப்பகமும் ஆகும். ஒரே காட்டை இத்தனை காரியங்களுக்கு வைத்துக்கொள்வது நடக்கக்கூடியதா? ஒன்றுக்கென்று ஒதுக்கிவிட்டு மற்றவற்றை நிறுத்திவிடுவது நல்லதல்லவா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நிறுத்திவிடலாம் என்று சொல்வதற்கு முன், எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாகி, 1988-இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. சொரிமுத்து அய்யனாரை வணங்க மலையேறும் வழக்கம் அதற்கும் முந்தியது. காணி மக்களோ இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள். ஆகவே வெறும் காட்டை எடுத்துப் பல பேருக்குப் பங்கு வைப்பது நம் முன்னுள்ள வேலை அன்று. ஏற்கெனவே பல பேர் புழங்கிவரும் காட்டில், யார் எப்போது எந்த அளவுக்கு என்று ஒழுங்கு செய்வதே நம் வேலை.

அந்த ஒழுங்குக்கு நம் ஊரிலேயே நல்ல சொல் இருக்கிறது: முறை. குளத்தில் தண்ணீர் குறைந்தால், வயலைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைத் தரிசு போடுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. இன்ன மடைக்கு இன்ன நாள் என்று முறை வைக்கிறார்கள். காட்டையும் பரப்பால் பிரிப்பதைவிடக் காலத்தால் பிரிப்பதே பெரும்பாலும் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். காப்பகத்துச் சாலையில் பகலில் போகும் பேருந்தால் வரும் கேட்டைவிட, இருட்டிய பிறகு விலங்குகள் சாலையைக் கடக்கும் வேளையில் போகும் ஒரே ஒரு வண்டியால் வரும் கேடு பெரிது. சாலை ஒன்றேதான், மாறுவது நேரம். மின் நிலையத்தின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு இறங்கும் தண்ணீர் கெட்டுப்போவதில்லை. அதே தண்ணீர் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் திரும்பி, ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது. இந்த இரண்டு பயன்களுக்கும் இயல்பில் பகை இல்லை. கார் பருவ நெல் நாற்றுக்குத் தண்ணீர் வேண்டிய வாரத்தில் மதகு மூடியிருந்தால்தான் பகை வருகிறது.

முறை என்றால் எல்லோருக்கும் சமபங்கு என்று பொருள் அன்று. இந்த மலையின் முதல் மகசூல் தண்ணீர். தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி, நம்பியாறு என்று இங்கே பிறக்கும் ஆறுகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சோலைக்காடும் அதன் அடியில் மட்கிக் கிடக்கும் இலைப்படுகையும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்த இடத்தில் மட்டும் முறையும் கிடையாது, பங்கும் கிடையாது. 1952-இன் தேசிய வனக் கொள்கை, பக்கத்துக் கிராமங்களின் தேவைக்காக நாட்டின் நலனை விட்டுக்கொடுக்கலாகாது என்ற பார்வையில் எழுதப்பட்டது. 1988-இன் கொள்கை சூழலின் சமநிலையை முதலில் வைத்து, வருமானத்தை அதற்குக் கீழே இறக்கி, காட்டுக்குள்ளும் அருகிலும் வாழும் மக்களின் விறகு, தீவனம், சிறு வன மகசூல் ஆகியவற்றுக்கு உரிய இடம் தந்தது. தண்ணீர், வாழும் மக்கள், பிறகு வருமானம் என்ற அந்த வரிசை நம் மலைக்கு அப்படியே பொருந்துகிறது.

கேள்வி: எங்கள் குளத்தில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர், தண்ணீர் வற்றினால்தான் மீனை முழுவதும் பிடிக்க முடியும் என்று அவசரப்படுகிறார். குளத்தின் உட்பரப்பான உள்வாயில் வனத்துறை வளர்த்த கருவேல மரங்கள் நிற்கின்றன. கீழே வயலில் பிசானப் பருவத்து நெல் நிற்கிறது. ஆளுக்கொரு தாளைக் காட்டுகிறார்கள். யாரிடம் முறையிடுவது?
— வாசகர், நாங்குநேரி வட்டாரம்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது என் பிள்ளைப் பருவம் கண்முன் வந்தது. ஒரு தை மாதம், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், எங்கள் ஊர்க் குளத்து மடையை இரவோடு இரவாகத் திறந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் குளத்துக்குள் வலை இறங்கியது. இருபது நாள் கழித்து என் தந்தையார் அறுத்த நெல்லில் பாதி பதர். மீன் பிடித்தவர் திருடர் அல்லர்; ஏலத்தில் பணம் கட்டியவர், அவர் கையிலும் ரசீது இருந்தது. மடையை எந்த மட்டத்துக்குக் கீழே திறக்கக்கூடாது என்று அந்த ஏலத் தாளில் யாரும் எழுதி வைக்காததுதான் தவறு என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

குளத்தின் நிலைமை எப்படிப்பட்டது என்றால், தரை வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்காக இருக்கிறது. கரையும் மடையும் மிகைநீர் வழியும் மறுகாலும், குளம் பாயும் நிலமான ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்டிருந்தால் நீர்வளத்துறையிடமும், குறைந்திருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. உள்வாய் மரங்கள், 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தின் வழியில் வந்தவையாக இருந்தால், வனத்துறையின் பொறுப்பில் இருக்கும். மீன்பாசியை வேறோர் அலுவலகம் ஏலம் விடுகிறது. வண்டல் மண் எடுக்க மீண்டும் வேறோரிடத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தாளும் தன்னளவில் செல்லும். ஆனால் அந்தத் தாள்கள் ஒன்றையொன்று படித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே சண்டை மூண்ட பிறகு முறையிடுவதைவிட, அடுத்த ஏலத்துக்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உங்கள் குளத்துக்கு இருந்தால், அதன் தீர்மானமாக, இல்லாவிட்டால் கிராம சபைத் தீர்மானமாக மூன்று நிபந்தனைகளை எழுதிக் கொடுத்து, ஏல அறிவிப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிசானம் அறுவடை முடியும் வரை மடையைத் தொடும் உரிமை நீர்ப்பாய்ச்சிக்கு மட்டுமே உண்டு. அறுவடைக்குப் பிறகும் ஆடுமாடு குடிக்கவும் பறவைகளுக்கும் அடித்தண்ணீர் நிற்க வேண்டும். மரம் வெட்டும் ஏலம் பறவைகள் கூடு கட்டி இருக்கும் மாதங்களில் நடக்கக்கூடாது. மீன்பாசி எடுப்பவர் தன் ஏலத்தொகையை இந்த நிபந்தனைகளுக்கு ஏற்பக் குறைத்துக் கேட்பார். குறையட்டும். அந்தக் குறைவு நெல்லில் வரும் நட்டத்தைவிட எப்போதும் சிறியது.

இவையெல்லாம் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு உங்கள் வட்டாரத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து நிரப்பும் பாசனக் குளம் அது. அங்கே நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன, அவற்றின் எச்சம் விழுந்து தண்ணீரும் வண்டலும் உரமேறுகின்றன, அந்தத் தண்ணீரே வயலுக்கும் போகிறது. 1994-இல் சரணாலயமாகவும் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஒன்றாகவும் அறிவிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பே, தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று அந்த ஊர் மக்கள் தாமாக முடிவு செய்திருந்தார்கள். சட்டம் அங்கே பின்னால்தான் வந்து சேர்ந்தது.

கேள்வி: மூன்று தலைமுறையாக மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறோம். இப்போது காட்டுக்குள் காலே வைக்கக்கூடாது என்கிறார்கள். ஊருக்குள் மேய்ச்சல் நிலமும் இல்லை. எங்கே போவது?
— வாசகர், களக்காடு

பதில்: முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் மேல் விழுவது இந்தத் தடைதான். இன்னொரு பக்கம், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் பருவந்தோறும் வந்துபோகும் ஆயர்களின் வழக்கத்தையும் சமூக உரிமைகளுள் சேர்த்திருக்கிறது. அந்த உரிமையைக் கோரும் மனு கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். பழங்குடியினர் அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பழைய மேய்ச்சல் ரசீதுகள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் உள்காட்டில் மேய்ச்சல் வேண்டும் என்று நான் உங்களுக்காக வாதாட மாட்டேன். கோமாரி போன்ற நோய்கள் மந்தையிலிருந்து காட்டெருமைக்குத் தொற்றும். தளிர் தின்னும் ஆடு போன வழியில் புதுக் காடு எழும்பாது. நான் வாதாடுவது வேறொன்றுக்காக. அறுவடை முடிந்து தாள் நிற்கும் மாதங்களில் உங்கள் கிடைக்கு ஊரெல்லாம் அழைப்பு வருகிறது. ஆட்டுரத்துக்காக நெல்லும் பணமும் கொடுத்துக் கிடை போடச் சொல்கிறார்கள். பயிர் நிற்கும் மாதங்களில்தான் உங்களுக்குப் போக்கிடம் இல்லை. அந்த மாதங்களுக்கென்றுதான் நம் முன்னோர் மேய்க்கால் புறம்போக்கு என்ற ஒன்றை வைத்தார்கள். அலுவலகம் கட்டவும் மனை கொடுக்கவும் அதைத்தான் முதலில் எடுத்தார்கள். மிச்சத்தைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரைகளைப் பயன்படுத்துவதை ஒழுங்கு செய்யும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்குத் தந்திருக்கிறது. வேரோடு சீமைக் கருவேலத்தை எடுத்துப் புல் வளர்க்க ஊராட்சியைக் கேளுங்கள். முழுவதையும் ஒரே ஆண்டில் எடுக்கச் சொல்லாதீர்கள். விறகும் கரியும் அதை நம்பியே பல வீடுகளில் நடக்கின்றன.

1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு களக்காடு – முண்டந்துறை அடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைத்தபோது, விறகுக்கு மாற்று வழி கொடுத்த பிறகுதான் காட்டிலிருந்து இறங்கும் விறகுத் தலைச்சுமை குறைந்தது. மேய்ச்சலுக்கும் மாற்று தராமல் வெறும் தடையை மட்டும் வைத்தால், இரவில் ஆடு காட்டுக்குள்தான் போகும்.

கேள்வி: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவதற்கு ஆண்டுக்காண்டு கட்டுப்பாடு கூடுகிறது. சாமி கும்பிடுவதுமா குற்றம்?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: குற்றம் இல்லை. அந்த மலையை மக்கள் இன்னும் தங்களுடையதாக நினைப்பதற்கு அந்த வழிபாடே பெரிய காரணம். ஆனால் குடில் போட்டு அடுப்பு மூட்டிக் கூட்டமாகத் தங்கும் ஒவ்வொரு நாளும் காரையாற்றில் எதை விட்டுச் செல்கிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நெகிழிப் பையும், ஆற்றில் விடும் பழந்துணியும் அய்யனாருக்கு வேண்டியவை அல்ல. அந்த ஆற்றைத்தான் கீழே எல்லோரும் குடிக்கிறோம். நாளைக் குறைப்பது எனக்கு ஏற்புடையதே. எத்தனை நாள் என்பதைக் கோயில் நிர்வாகம், வனத்துறை, காணி மக்கள், பக்தர்கள் ஆகியோர் சித்திரையிலேயே கூடி முடிவு செய்ய வேண்டும். ஆடி பிறந்த பிறகு அறிவிப்பு ஒட்டுவது முறை ஆகாது.

கேள்வி: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டக் குத்தகை முடிந்த பிறகு அந்த நிலம் என்ன ஆக வேண்டும்?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடையதாயிற்று, குத்தகை தொடர்ந்தது. கெடு 2028. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற ஐந்து இடங்களும் மணிமுத்தாற்றின் தலைமாட்டில் இருக்கின்றன. நான் மேலே சொன்ன வரிசைப்படி அங்கே தண்ணீரே முதல். ஆகவே நிலம் காடாகத் திரும்ப வேண்டும் என்றே சொல்வேன்.

ஆனால் தேயிலையைக் கைவிட்டால் சோலை தானாக வந்துவிடாது. கவாத்து இல்லாத தேயிலை மரமாக எழும்பி நிற்கும். இடையில் உண்ணிச்செடி போன்ற களைகள் புகும். நாற்று வளர்த்து, களை எடுத்து, ஓடைக்கரையிலிருந்து சரிவுக்குப் படிப்படியாக நட்டுக்கொண்டு போக வேண்டிய பல பத்தாண்டு வேலை அது. அந்தச் சரிவின் ஒவ்வொரு மடிப்பையும், அட்டைக்கடியையும், மழை இறங்கும் தடத்தையும் அறிந்தவர்கள் நான்கு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள். வேலை போய் அவர்களைக் கீழே இறக்கிவிட்டு, காடு வளர்ப்புக்கு வெளியூர் ஒப்பந்ததாரரை மேலே அனுப்பினால், அது மக்களுக்கும் காட்டுக்கும் ஒருசேரச் செய்யும் அநியாயமாகும். விரும்புகிறவர்களுக்கு அந்த வேலையில் முதல் உரிமை தர வேண்டும்.

கேள்வி: வாய்க்கால் புறம்போக்கில் என் பாட்டனார் வைத்த பனைகளும் புளியமரமும் எங்கள் பேரில் 2சி பட்டாவில் இருக்கின்றன. நிலமும் எங்களுடையதாகுமா?
— வாசகர், சேரன்மகாதேவி

பதில்: ஆகாது. 2சி பட்டா மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமையைத்தான் தருகிறது. தரை அரசுடையது, வாய்க்கால் எல்லோருடையது. புளியை உலுக்கிக்கொள்ளலாம், பனையில் ஏறலாம், ஓலை வெட்டலாம். மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். பனைக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதியே வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 2-சி கணக்கில் மரங்களின் எண்ணிக்கை இன்றைக்கு நிற்கும் மரங்களோடு ஒத்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். பட்டுப்போன பனைக்குப் பதிலாக அதே கரையில் கொட்டை போட்டிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.