வால்வு ரெக்டிஃபையரா, சிலிக்கான் டையோடா? கிட்டார் ஆம்ப் குறித்த கேள்வி பதில்

வால்வுகளால் (வெற்றிடக் குழாய்களால்) இயங்கும் கிட்டார் ஆம்ப்களின், அதாவது ஒலிபெருக்கிகளின், மின்வழங்கிப் பகுதியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ரெக்டிஃபையரைத் தமிழில் மின்திருத்தி என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கிட்டார் பயிலும் மாணவன். ஆம்ப்பில் மின்திருத்தி என்ன வேலை செய்கிறது? கிட்டாரின் ஒலி அதன் வழியாகத்தான் செல்கிறதா?

பதில்: செல்வதில்லை, தம்பி. இந்த ஒன்று தெளிவானால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். ஆம்ப்பின் வால்வுகளுக்குப் பெரும்பாலும் 300 முதல் 500 வோல்ட் வரையிலான நேர்திசை மின்னழுத்தம் வேண்டும். சுவரிலிருந்து நமக்குக் கிடைப்பதோ மாறுதிசை மின்சாரம். மின்மாற்றி உயர்த்திக் கொடுக்கும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் ஓடவிடுவது மின்திருத்தியின் வேலை. அதற்கு அடுத்துள்ள மின்தேக்கிகள் எஞ்சிய அலைவைச் சமன் செய்கின்றன. வெற்றிடக் குழாயால் இதைச் செய்யும் முறை, ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங் 1904-இல் இங்கிலாந்தில் உருவாக்கிய இருமுனை வால்விலிருந்து வந்தது. ஆகவே மின்திருத்திக்கென்று தனி ஒலி கிடையாது. அதன் பின்னாலிருக்கும் மின்னழுத்தம், நீங்கள் ஓங்கி வாசிக்கும்போது எவ்வளவு தாழ்கிறது, எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பதையே உங்கள் விரல் உணர்கிறது.

கேள்வி: அப்படியானால் "சாக்" என்று கிட்டார் கலைஞர்கள் சொல்வது இதைத்தானா?

பதில்: ஆம், அதைத் தொய்வு எனலாம். சிலிக்கான் டையோடு ஒன்றில் ஏறத்தாழ 1 வோல்ட்தான் இழப்பு. மின்னோட்டம் இரு மடங்கானாலும் அது பெரிதாக மாறுவதில்லை. வால்வில் நிலைமை வேறு. சூடான கேத்தோடிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தைக் கடந்து பிளேட்டை அடைய வேண்டியிருப்பதால், மின்னோட்டம் கூடக் கூட இழப்பும் கூடுகிறது. 5ஒய்3 என்ற மின்திருத்தி வால்வில் 125 மில்லி ஆம்பியரில் சுமார் 60 வோல்ட்டும், 5யு4ஜிபி வால்வில் 275 மில்லி ஆம்பியரில் சுமார் 50 வோல்ட்டும் இழப்பு ஏற்படும். ஜிஇசட்34 மட்டும் விதிவிலக்கு. 225 மில்லி ஆம்பியரில்கூட அதில் 17 வோல்ட் அளவே இழப்பு. மேலும், மின்தேக்கிகள் தொடர்ச்சியாக அல்லாமல் குறுகிய துடிப்புகளாகவே நிரம்புவதால், அந்தத் துடிப்புகளின் உச்சத்தில் வால்வைக் கடக்கும் மின்னோட்டம் சராசரியைவிடப் பன்மடங்காக இருக்கும்.

ஒரு நாணை ஓங்கி அடித்த கணத்தில், ஸ்பீக்கரை இயக்கும் வெளியீட்டு வால்வுகள் மிகுதியான மின்னோட்டத்தைக் கேட்கின்றன, மின்னழுத்தம் தாழ்கிறது, ஒலியின் முன்முனை சற்று மழுங்குகிறது. நாணின் அதிர்வு தணியும்போது மின்னழுத்தம் மெல்ல மேலேறி, ஒலி மலர்வது போல நீள்கிறது. நிதானமான புளூஸ் வாசிப்பில் இது எவ்வளவு அழகானது என்பதை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் புகழ் முழுவதையும் மின்திருத்தி வால்வுக்கே கொடுப்பது நியாயமன்று. மின்மாற்றிச் சுருளின் மின்தடையும் முதல் மின்தேக்கியின் அளவும் தொய்வில் பங்கு கொள்கின்றன. ஜிஇசட்34 உள்ள ஆம்ப்களில் மின்மாற்றியின் பங்கே பெரிதாக இருக்கக்கூடும்.

கேள்வி: புகழ்பெற்ற ஆம்ப்களில் எதில் எது இருக்கிறது?

பதில்: 1950களின் ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்பில் 5ஒய்3, 5எஃப்6-ஏ பேஸ்மேனிலும், அதை அடியொற்றி இலண்டனில் பிறந்த மார்ஷல் ஜேடிஎம்45-லும், வாக்ஸ் ஏசி30-லும் ஜிஇசட்34. ஃபெண்டர் டுவின் ரிவர்பில் சிலிக்கான். எவ்வளவு உரக்க வைத்தாலும் அதன் ஒலி தெளிவாகவும் விறைப்பாகவும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மார்ஷலும் 1960களின் நடுப்பகுதியில் சிலிக்கானுக்கு மாறிவிட்டது.

கேள்வி: அண்ணா, என் ஆம்ப்பிலுள்ள 5ஒய்3 வால்வைக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் செருகும் சிலிக்கான் மாற்றைப் போடலாமா? ஒலி இறுக்கமாகும் என்று ஒரு நண்பர் சொன்னார்.

பதில்: நண்பர் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். 5ஒய்3 விழுங்கிக்கொண்டிருந்த வோல்ட்கள் இப்போது முழுவதும் மற்ற வால்வுகளின் மேல் வந்து விழும். மின்மாற்றியின் ஒவ்வொரு பாதிச் சுருளும் 325 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். அதன் உச்சம் 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 460 வோல்ட். சிலிக்கான் சுவிட்ச் போட்ட நொடியிலேயே கடத்தத் தொடங்குவதாலும், வெளியீட்டு வால்வுகள் சூடாகும் வரை மின்னோட்டத்தை இழுக்க எவருமில்லாததாலும், அந்த 460 வோல்ட்டும் மின்தேக்கிகளின் மீது நிற்கும். அவை 450 வோல்ட் தாங்கக்கூடியவையாக இருந்தால் நாள்தோறும் எல்லை மீறிய சுமையைச் சுமக்கின்றன என்று பொருள். வெளியீட்டு வால்வுகளின் பயாஸையும் (வாசிக்காதபோது அவற்றில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) மறுபடி அளந்து சரிசெய்தாக வேண்டும். இவ்விரண்டையும் பார்க்காமல் செருகிப் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: 5ஒய்3 கிடைக்கவில்லை. 5யு4 அதே சாக்கெட்டில் பொருந்துகிறதே, போடலாமா சார்?

பதில்: பொருந்துகிறது என்பதற்காகவே போட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் 5 வோல்ட் ஹீட்டர்தான் (வால்வைச் சூடாக்கும் இழை). ஆனால் 5ஒய்3 கேட்பது 2 ஆம்பியர், 5யு4 கேட்பது 3 ஆம்பியர். சிறிய ஆம்ப்பின் மின்மாற்றி அந்தக் கூடுதல் சுமைக்காகச் சுற்றப்பட்டதன்று. இப்படிச் சில மாதம் ஓடிக் கருகிய மின்மாற்றியை என் மேசையில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வால்வின் விலையை மிச்சப்படுத்தப் போய், அதைப்போல் பல மடங்கு செலவானது. ஜிஇசட்34-க்கு 1.9 ஆம்பியர்தான் வேண்டும் என்பதால் ஹீட்டர் தாங்கும். ஆனால் மின்னழுத்தம் உயரும் என்பதால் முந்தைய விடையில் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

கேள்வி: இரைச்சல் குறையட்டும் என்று முதல் மின்தேக்கியை 100 மைக்ரோ ஃபாரட் ஆக்கினேன். அதன் பிறகு மின்திருத்தி வால்வு இரண்டு முறை எரிந்துவிட்டது.

பதில்: காரணம் அதுவேதான். அந்த வால்வுகளுக்கு உற்பத்தியாளர்களே வரம்பு விதித்திருக்கிறார்கள்: ஜிஇசட்34-க்கு 60, 5யு4ஜிபி-க்கு 40, 5ஒய்3-க்கு 20 மைக்ரோ ஃபாரட் அளவில். மின்தேக்கி பெரிதானால் அதை நிரப்பும் துடிப்பின் உச்சமும் பெரிதாகி, வால்வுக்குள் தீப்பொறி பாயும். பழைய அளவுக்கே திரும்புங்கள். அப்படியே ஒவ்வொரு பிளேட்டுக்கும் தொடராக ஒரு 1என்4007 டையோடைச் சேர்த்துவிடுங்கள். நாளை வால்வு உள்ளுக்குள் குறுக்குச்சுற்றாகிப் போனாலும், மாறுதிசை மின்சாரம் மின்தேக்கிகளுக்குள் புகாமல் அது காக்கும். ஒலியில் எந்த மாற்றமும் வராது.

கேள்வி: ஒரே வெளியீட்டு வால்வு கொண்ட 5 வாட் ஆம்ப் வைத்திருக்கிறேன். இரு வகையையும் மாற்றி வாசித்தும் தொய்வில் வேறுபாடு தெரியவில்லை. என் காதில் குறையா?

பதில்: காதில் குறையில்லை, நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒற்றை வால்வு கிளாஸ் ஏ முறையில் இயங்கும்போது, மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் சராசரி மின்னோட்டம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. சுமை மாறாத இடத்தில் தொய்வு எங்கிருந்து வரும்? இரு வால்வுகள் எதிரெதிராகப் பணியைப் பகிரும் கிளாஸ் ஏபி முறையில்தான் இந்த விவாதத்துக்குப் பொருள் இருக்கிறது.

கேள்வி: மெட்டல் இசைக்கு எது ஏற்றது?

பதில்: சிலிக்கான். முன்பெருக்கியிலேயே ஒலியைச் சிதைத்துக்கொண்டு, தாழ்ந்த நாண்களில் விரைவாக வெட்டி வாசிக்கும்போது, ஒவ்வொரு அடிக்கும் மின்னழுத்தம் உடனே நிமிர்ந்து நிற்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வந்த மேசா பூகியின் டூயல் ரெக்டிஃபையர், இரு வகையையும் உள்ளேயே வைத்து, ஒரு சுவிட்சால் தெரிவு செய்யும் வசதியைத் தந்தது. பெயரும் அதிலிருந்தே வந்தது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஒலியளவைத் தாழ்த்தி வீட்டில் வாசிக்கும்போது வெளியீட்டு வால்வுகள் உழைப்பதில்லை, அப்போது எந்த மின்திருத்தியும் தொய்வைத் தராது.

கேள்வி: சிலிக்கான் உள்ள ஆம்ப்பில் தொய்வைக் கொண்டுவர வழி உண்டா?

பதில்: உண்டு. டையோடுகளுக்குப் பின்னும் முதல் மின்தேக்கிக்கு முன்னும் தொடராக ஒரு மின்தடையம் வைக்கலாம். 150 ஓம் என்றால், 80 மில்லி ஆம்பியரில் 12 வோல்ட்டும் 180 மில்லி ஆம்பியரில் 27 வோல்ட்டும் இழப்பு. ஓங்கி வாசிக்கையில் 15 வோல்ட் கூடுதலாகத் தாழ்கிறது. அதில் சுமார் 5 வாட் வெப்பமாகும், துடிப்புகளால் இன்னும் மிகும். ஆகவே 20 வாட் தாங்கும் மின்தடையத்தைக் காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள்.

கேள்வி: என் ஆம்ப்பில் மாற்றம் பயன் தருமா என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: அளந்து அறியலாம். ஆனால் முதலில் ஒரு கட்டளை: சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தை வைத்திருக்கும். உயர் மின்னழுத்தத்தில் பழகாதவர்கள் இந்த வேலையைத் தேர்ந்த பழுதுநீக்குநரிடம் விட்டுவிட வேண்டும். பழகியவர்கள் மின்தடையம் வழியாக மின்னூட்டத்தை வடித்து, பூச்சியம் என்று மீட்டரில் உறுதி செய்தபின், அதன் முனைகளை முதல் மின்தேக்கியில் கவ்விவிட்டு ஆம்ப்பை இயக்குங்கள். வாசிக்காதபோது ஓர் அளவு. வழக்கமான மேடை ஒலியளவில் தடித்த நாணை ஓங்கி அடித்துப் பிடித்திருக்கும்போது இன்னோர் அளவு. வேறுபாடு 10 வோல்ட்டுக்குக் கீழே என்றால், வால்வு மின்திருத்தியைக் கழற்றிச் சிலிக்கான் போட்டாலும் தொய்வில் உங்களுக்குப் பெரிய மாற்றம் கிடைக்காது. 30, 40 வோல்ட் என்றால் உங்கள் விரல்கள் அதை ஏற்கெனவே அறிந்திருக்கும். அப்போது பயாஸையும் மின்தேக்கிகளின் தாங்குதிறனையும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.